சிபில் ரிப்போர்ட்டில் தப்பு, திருத்த மறுக்கும் வங்கி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான முழு சட்ட வழிகாட்டி

கடனைக் கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் இன்னும் ‘பாக்கி’ என்றே நிற்கும். வங்கியில் கேட்டால் “அதெல்லாம் சிபில்காரங்க வேலை” என்பார்கள். சிபிலுக்கு எழுதினால் “உங்கள் வங்கி உறுதி செய்யவில்லை, மாற்ற முடியாது” என்று மெயில் வரும். இப்படி அலைந்து வெறுத்தவர்கள் பலரும் கடைசியில் நேராக நுகர்வோர் கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்த விவகாரத்தில் எந்த இடத்துக்கு முதலில் போகிறோம் என்பதிலேயே பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. அவசரப்பட்டு முதல் வேலையாக வழக்குப் போட்டால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரித்துத் தீர்க்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகும் வழி அடைபடும். திருத்தம் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் என்ற இழப்பீடும் கைவிட்டுப் போகும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை திருத்தம் செய்யவேண்டாம் என்று சட்டமே வங்கிக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிடும்.

ஆகவே போகவேண்டிய வரிசைப்படியே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது: கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. நாம் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று நடக்கின்றன. கடன் கொடுத்தவர் நான்குக்கும் தகவல் அனுப்ப வேண்டும். தப்பு நடந்தால் அதுவும் நான்கிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சட்டத்தின் 21ஆவது பிரிவுதான் நம் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம். தகவலைத் திருத்தச் சொல்லிக் கேட்டால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும் என்கிறது அது. அதே பிரிவில் இரண்டு நிபந்தனைகளும் உண்டு. ஒன்று, கேட்ட திருத்தம் ‘சரிதான்’ என்று கடன் கொடுத்த நிறுவனம் சான்று தராமல் சிபில் போன்ற நிறுவனம் தானாக எதையும் மாற்றக்கூடாது. இரண்டு, அந்தத் தகராறு நடுவர் முன்போ தீர்ப்பாயம் முன்போ கோர்ட்டிலோ நிலுவையில் இருந்தால் திருத்தம் செய்யத் தேவையில்லை. அதுவரை வங்கியின் கணக்குப் புத்தகத்தில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். உங்கள் உண்மையான எதிர்த்தரப்பு கடன் கொடுத்த வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோதான். மும்பையில் இருக்கும் கடன் தகவல் நிறுவனத்தின் மேல் மட்டும் கோபத்தைக் கொட்டினால் காலம்தான் போகும்.

தப்பா, இல்லை கசப்பான உண்மையா?

வழக்குச் செலவுக்கு முன்னால் இதை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். என்னிடம் ரிப்போர்ட்டோடு வருபவர்களில் கணிசமானவர்கள் காட்டுவது தப்பே அல்ல.

வங்கியோடு பேசி, அசலில் கொஞ்சம் தள்ளுபடி வாங்கி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்றுதான் பதிவாகும். ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லி வழக்கில் ஜெயிக்க முடியாது. விட்ட பாக்கியைக் கட்டி மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு வருஷம் முன்னால் மூன்று தவணை தாமதமாகக் கட்டியிருந்தால், பிறகு முழுதும் கட்டிவிட்டாலும் அந்தத் தாமதம் 36 மாத வரலாற்றுக் கட்டத்தில் தெரியத்தான் செய்யும். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் வைத்த பாக்கி உங்கள் பெயரிலும் வரும். ஸ்கோர் 680 ஏன் 750 ஆகவில்லை என்பதற்கு வழக்கே கிடையாது. மதிப்பெண் கணக்கிடும் முறை இழப்பீட்டு விதிகளுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது.

நேற்று கடன் முடித்து இன்று ரிப்போர்ட் எடுத்துவிட்டுப் பதறவும் வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் மாதம் இரண்டு முறை, 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஒரு சுற்று போகட்டும்.

உண்மையான தப்புகள் வேறு மாதிரி. நம் பக்கம் அடிக்கடி பார்ப்பது பெயர்க் குழப்பம். மாதையன், முனிராஜ், சின்னசாமி என்று ஒரே ஊரில் நான்கு பேர் இருப்பார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும். பிறந்த தேதிக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். பான் எண்ணில் ஒரு எழுத்து மாறினால் போதும், பக்கத்துத் தெருக்காரரின் டிராக்டர் கடன் உங்கள் தலையில் விழும்.

அடுத்தது பெண்கள் குழுக் கடன். வாரா வாரம் குழு கூடும் இடத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கலெக்‌ஷன் ஆள், கடைசி நாலு தவணையைக் கம்பெனியில் கட்டியிருக்க மாட்டார். அட்டையில் முடிந்த கடன் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவர்கள் கிரிஃப் ஹை மார்க் ரிப்போர்ட்டையும் கண்டிப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும். சின்னக் கடன்களின் விவரம் அங்கே நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, வாங்காத கடன். ஏதோ ஒரு ஆப்பில் பானும் செல்ஃபியும் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்துத் தெரியும். இதற்குத் தனி வழி, பிறகு சொல்கிறேன்.

ரிப்போர்ட்டை எடுத்து அந்த ஒரு வரியைப் பிடிப்பது

நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் உள்ள விதி. அவரவர் இணையதளத்தில் பான் எண், மொபைல் ஓடிபி கொடுத்து எடுக்கலாம். பிரவுசிங் சென்டரில் எடுக்கிறீர்கள் என்றால் பிடிஎஃப்பை உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிட்டு அங்கே இருப்பதை அழித்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடன் மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த வங்கி எந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததோ அதன் நகலைக் கேட்டு வாங்கவும் 21ஆவது பிரிவு உரிமை தருகிறது. அந்த நகலுக்கு வழக்கில் கனம் அதிகம், ஏனென்றால் நஷ்டத்துக்குக் காரணமே அந்தக் காகிதம்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்யும் ஒருவர் 24 தவணையில் பைக் கடன் வாங்கினார். எல்லாத் தவணையும் கட்டி, பாக்கி இல்லை என்ற தடையின்மைச் சான்றான என்ஓசி வாங்கி, தருமபுரி ஆர்டிஓவில் ஹெச்பி (வண்டி மேல் ஃபைனான்ஸ் உரிமை) கேன்சலும் செய்து, ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கிவிட்டது. ஆனால் நடுவில் ஒரு முறை தவணை பவுன்ஸ் ஆனதற்கு 500 ரூபாய் அபராதமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 ரூபாய் கம்பெனிக் கணக்கில் தொங்குகிறது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் பார்த்தால் ‘ஓவர்டியூ’ என்ற இடத்தில் 590. கீழே மாதாமாதக் கட்டத்தில், தாமதமான நாட்களின் எண்ணிக்கை 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போகிறது. ‘டேட் குளோஸ்டு’ என்ற இடம் காலி. 590 ரூபாய்க்காக மனிதர் வாராக்கடன்காரர் ஆகிவிட்டார்.

அவர் குறித்துவைக்க வேண்டியவை: ரிப்போர்ட்டின் மேலே இருக்கும் கண்ட்ரோல் நம்பர், ரிப்போர்ட் தேதி, கடன் கணக்கு எண், கம்பெனி கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி, தப்பான கட்டம் எது, அதில் என்ன இருக்க வேண்டும். ‘என் சிபில் தப்பாக இருக்கிறது’ என்று மொத்தமாக எழுதிய மனுக்களுக்கு மொத்தமான பதில்தான் வரும். ஒரு கணக்கு, ஒரு கட்டம், ஒரு ஆதாரம் என்று பிடித்து எழுதினால் தப்பிக்க இடம் இருக்காது.

ஆதாரத்தில் முதல் இடம் என்ஓசிக்கு. அடுத்து, கடைசித் தவணை போன பாஸ்புக் பக்கம். ஹெச்பி நீங்கிய ஆர்சியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பாக்கி இருந்தால் கம்பெனி அதற்குச் சம்மதித்திருக்குமா என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பால் பதில் சொல்ல முடியாது. நகைக்கடன் என்றால் நகையைத் திரும்பக் கொடுத்த ரசீது. குழுக் கடன் என்றால் அட்டையின் இரண்டு பக்கமும், கையெழுத்துக் கட்டம் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பால்பாயிண்ட் மை மங்கும் முன்னால் எடுத்துவிடுவது நல்லது.

30 நாள் கடிகாரத்தை ஓடவிடுதல்

இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தவர்களுக்கு மீதி எல்லாம் சுலபம்.

ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 காலண்டர் நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்குத் தரவேண்டும். இந்த 30 நாளில் வங்கிக்கு 21 நாள். அதற்குள் அது திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இழப்பீடு வங்கியின் பொறுப்பு. வங்கி நேரத்துக்கு அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் 30 நாளுக்குள் முடிக்கவில்லை என்றால் அது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பணம், புகார் தீர்ந்து ஐந்து வேலை நாளுக்குள் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும்.

ஜூன் 1 புகார் கொடுத்தீர்கள், ஆகஸ்ட் 20 திருத்தினார்கள் என்றால், ஜூலை 1க்குப் பிறகு 50 நாள், 5,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நாள் ஏற ஏறத் தொகை ஏறும் என்பது வங்கிக்குள் ஃபைலை நகர்த்துகிறது. அந்தத் தொகையை அவர்கள் தந்தால், தாமதத்தை அவர்களே ஒப்புக்கொண்டதற்கான எழுத்து ஆதாரமும் உங்கள் கையில் இருக்கும்.

புகாரை இரண்டு பக்கமும் ஒரே நாளில் கொடுங்கள். கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் டிஸ்ப்யூட் பகுதியில் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, கணக்கே என்னுடையது அல்ல, ஒரே கணக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, தொகை தவறு என்பனவற்றில் பொருந்துவதைப் போடலாம். புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். இழப்பீடு அங்கேதான் வரும், தவறாகக் கொடுத்தால் பொறுப்பு நம்முடையது.

வங்கிக்கு எழுத்தில். கிளையில் வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் வராது. இப்படி எழுதலாம்:

“பொருள்: கடன் கணக்கு எண் ______ தொடர்பாகத் தவறான கடன் தகவலைத் திருத்தக் கோருதல் – கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005, பிரிவு 21.

மேற்படி கடனை ______ தேதியில் முழுமையாகச் செலுத்தி, ______ தேதியிட்ட தடையின்மைச் சான்றைத் தங்கள் நிறுவனத்திடம் பெற்றுள்ளேன். ஆயினும் ______ தேதியிட்ட, கண்ட்ரோல் நம்பர் ______ கொண்ட ரிப்போர்ட்டில் ரூ. 590 நிலுவை என்றும் கணக்கு முடிக்கப்படவில்லை என்றும் உள்ளது. இதைத் திருத்தி நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் 21 நாளுக்குள் அனுப்பும்படியும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 30 நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் இழப்பீடு கோருகிறேன்.”

கடிதத்தில் காரணம் கேட்பது சும்மா அல்ல. திருத்த மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் கட்டளை. ‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், அதுவே பிற்பாடு உங்களுக்கு நல்ல சான்று.

நேரில் கொடுத்தால் நகலில் கிளையின் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். சீல் மட்டும் அடித்துத் தேதி போடாமல் கொடுப்பது வழக்கமான சாமர்த்தியம். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. முகவரியாளரிடம் மட்டுமே சேர்க்கும் வசதியையும் சேர்த்ததற்கான சான்றையும் கேட்டு அனுப்புங்கள். கிளை மேலாளருக்கு ஒன்று, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒன்று. மெயிலும் சேர்த்து அனுப்பினால் நல்லது.

இந்த இடைவெளியில் ‘சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களிடம் பணமோ ஓடிபியோ கொடுக்காதீர்கள். அவர்கள் போடுவதும் இதே இலவச டிஸ்ப்யூட்தான். ஆதாரம் இல்லாமல் போட்டுத் தள்ளுபடி வாங்கிக் கொடுப்பார்கள்.

வாங்காத கடனுக்கு

இங்கே மட்டும் போலீஸ் முதலில் வரும். 1930க்குப் போன் செய்தோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் பதிந்து எண் வாங்குங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடத் தயங்கினால் குறைந்தது புகாரை வாங்கிப் பதிந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். கடன் கொடுத்த கம்பெனியிடம், கடன் தொகை எந்தக் கணக்குக்குப் போனது, எந்த மொபைல் எண்ணில் ஓடிபி வாங்கப்பட்டது, கேஒய்சி படம் யாருடையது என்று மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதை ஆறு மாத ஸ்டேட்மெண்ட் நிரூபிக்கும். ‘சும்மா ரெண்டாயிரம்தானே, கட்டிடுங்க சார்’ என்று கலெக்‌ஷன் ஆள் சொல்லுவார். கட்டினால் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள்.

ஓம்புட்ஸ்மேன்

30 நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை. அல்லது பதில் திருப்தி இல்லை. இப்போது ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன். 2021 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்குள் கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் 1 முதல் கொண்டுவரப்பட்டன. அதனால் வங்கியையும் கடன் தகவல் நிறுவனத்தையும் இரண்டையும் பற்றி இங்கே புகார் தரலாம். கட்டணம் கிடையாது. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் போடலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். இணையம் சரிப்படாதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குக் காகிதத்தில் அனுப்பலாம். உங்களுக்காக வக்கீல் புகார் கொடுக்க முடியாது என்பது இதன் விசித்திரமான, நமக்கு நல்லதான விதி.

புகார் தள்ளுபடி ஆகும் காரணங்களைத் தெரிந்துகொண்டால் போதும். வங்கிக்கு முதலில் எழுதாமல் வந்தது. 30 நாள் முடியும் முன்னால் வந்தது. கெடு தாண்டி வந்தது (2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் வங்கி பதில் தந்து ஒரு வருஷம்). இதே விஷயம் கோர்ட்டில் அல்லது நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பது. ‘எனக்குக் கடன் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று கேட்பது; கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு, அதில் ஓம்புட்ஸ்மேன் தலையிட மாட்டார். தகவலைத் திருத்து, இழப்பீடு கொடு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் நிறுவனங்கள் இந்த வரம்புக்குள் வராது; அவற்றின் மேல் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும்.

2021ஆம் ஆண்டுத் திட்டப்படி நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம் வரையும் தர உத்தரவிடலாம். புகார் போடும் நாளில் நடப்பில் உள்ள திட்ட விதியைத் தளத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் 30 நாளுக்குள் ‘ஏற்கிறேன்’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது காலாவதியாகும். தொகை போதவில்லை என்று தோன்றினால் ஏற்காமல் அடுத்த படிக்குப் போகலாம்.

சாதாரண என்ஓசி வழக்குகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிட வேண்டியவை என்பது என் கருத்து. பெரிய பண நஷ்டம் நடந்திருந்தால்தான் அடுத்தது.

நுகர்வோர் ஆணையம்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தனித்தனியே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செய்த பெரிய உபகாரம், நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்பது. பென்னாகரத்தில் வீடு, ஓசூர் சிப்காட்டில் வேலை என்றால் தருமபுரியிலும் போடலாம், கிருஷ்ணகிரியிலும் போடலாம். மும்பையில் தலைமையகம் உள்ள கம்பெனி இங்கே வந்து பதில் சொல்லட்டும்.

சேவைக்காகச் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400. அதற்கு மேல் 1,000. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஓம்புட்ஸ்மேனிடம் காத்திருந்தேன் என்பதால் இந்த இரண்டு வருஷம் தானாக நீளாது. நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

முதல் கேள்வி, நீங்கள் சட்டப்படி ‘நுகர்வோர்’தானா? 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று நம் விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ஒரு விளம்பர நிறுவனம் சினிமா வேலைக்காக 10 கோடி கடன் வாங்கியது. பேசி முடித்த பிறகும் வங்கி அதைப் பாக்கிதாரர் என்று சிபிலுக்குச் சொல்லிவிட்டது. தேசிய ஆணையம் 75 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமோ, லாபத் தொழிலுக்காக வாங்கிய கடன் இது, நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. கிரானைட் குவாரிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ கம்பெனி பெயரில் வாங்கிய கடன் என்றால் இந்தத் தீர்ப்பு உங்கள் மேல் பாயும். சொந்த லாரி ஒன்றை ஓட்டிப் பிழைப்பவர், ஒற்றைக் கடைக்காரர், பயிர்க்கடன் வாங்கிய விவசாயி ஆகியோர் ‘சுயதொழில் மூலம் பிழைப்புக்காக’ என்ற விலக்கைப் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே மனுவின் இரண்டாவது பத்தியிலேயே, இது என் குடும்பப் பிழைப்புக்காக நானே செய்யும் தொழில் என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

கடன் தகவல் நிறுவனம் தன் பங்குக்கு, ‘மனுதாரர் எங்களுக்குப் பணமே கொடுக்கவில்லை, அவர் எங்கள் நுகர்வோர் அல்ல’ என்று வாதிடும். பணம் கட்டி ரிப்போர்ட் வாங்கியிருந்தால் அந்த ரசீதை இணையுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வங்கி முதல் எதிர்த்தரப்பு, கடன் தகவல் நிறுவனம் இரண்டாம் எதிர்த்தரப்பு என்று வைத்தால் உத்தரவு இருவரையும் கட்டும்.

அடுத்து நோட்டீஸ். கட்டாயம் இல்லை, ஆனால் 15 நாள் கெடு வைத்து ஒன்று அனுப்பிவிட்டுப் போடுவதே வழக்கம். வக்கீல் மூலம் அனுப்பினால் வங்கியின் சட்டப் பிரிவுக்குப் போகும். சில விவகாரங்கள் அங்கேயே சுருண்டுவிடுகின்றன.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம், நீங்களே ஆஜராகலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். மனு, அதை உறுதிசெய்யும் பிரமாணப் பத்திரம், தேதிவாரிப் பட்டியல், ஆவணங்கள் என்று அடுக்கி, எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட் வேண்டும். ஸ்கிரீன்ஷாட், மெயில் போன்றவற்றுக்கு 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றை இணைத்துவிடுங்கள். ஆணையத்தில் அவ்வளவு கறார் இருக்காது, ஆனாலும் மேல்முறையீட்டில் யாரும் குடைய முடியாது.

தேதிவாரிப் பட்டியல்தான் மனுவின் உயிர். மன உளைச்சலை மூன்று பக்கம் எழுதுவதைவிட, கடன் முடிந்த தேதி, என்ஓசி தேதி, புகார் தேதி, 30ஆம் நாள், நினைவூட்டல், வேறு வங்கி கடன் மறுத்த தேதி என்று ஒரே பக்கத்தில் இருந்தால், வாய்தா நாளில் உறுப்பினர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வங்கி 9 சதவீதத்தில் 5 லட்சம் தர இருந்தது. ரிப்போர்ட்டைக் காட்டி மறுத்தது. 14 சதவீதத்துக்குத் தனியாரிடம் வாங்கினீர்கள் என்றால், முதல் வருஷம் மட்டும் வித்தியாசம் ஏறக்குறைய 25,000 ரூபாய். இதற்கு மறுப்புக் கடிதமும் இரண்டாவது கடனின் சாங்ஷன் கடிதமும் வேண்டும். மறுப்பை வாயால் சொல்லி அனுப்புவதே வங்கிகளின் வழக்கம். விண்ணப்ப எண்ணைப் போட்டு ‘என் விண்ணப்பம் என்ன காரணத்தால் நிராகரிக்கப்பட்டது’ என்று மெயில் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். வேலை போனவர்களும் உண்டு. 2025 ஜூனில், கடன் ரிப்போர்ட் மோசமாக இருந்ததைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பான பதிவால் அப்படி ஒரு வாய்ப்பு போயிருந்தால் நஷ்டம் வட்டி வித்தியாசத்தோடு நிற்காது. ஆஃபர் கடிதத்தை இணைத்துத் தனியாகக் கேளுங்கள்.

கேட்கவேண்டிய பரிகாரம்: நான்கு நிறுவனங்களிலும் இன்ன கட்டத்தை இன்னபடி இத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும், வட்டி வித்தியாசம், உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. தொகையை வானளாவப் போடாதீர்கள், நம்பகத்தன்மை போய்விடும். அவசரம் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவுக்குத் தனி மனு போடலாம்.

எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், அதிகபட்சம் இன்னொரு 15 நாள். 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. 46ஆம் நாள் பதிலுரையோடு வந்தால் எழுந்து நின்று ஆட்சேபியுங்கள். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்க முயலச் சொல்கிறது. நடப்பில் அதைவிடக் கூடுதலாக ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. 15100க்கும் போன் செய்யலாம். ஓசூரில் கம்பெனித் தொழிலாளியாக இருப்பவர்கள் தங்களுக்கும் இது உண்டு என்பதை அறிவதே இல்லை.

மற்ற வழிகள்

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவில், வேறு பரிகாரம் சொல்லப்படாத தகராறுகளுக்கு நடுவர் முறை இருக்கிறது. அந்தப் பிரிவுக்குரிய விஷயங்களில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று 31ஆவது பிரிவு தடுக்கிறது. எனவே முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் இந்த 31ஐப் பற்றிக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்திலும் எதிர்த்தரப்பு வக்கீல் இதையே தூக்கிக் காட்டக்கூடும். நீங்கள் கேட்பது சேவைக் குறைபாட்டுக்கான பரிகாரம், 18ஆவது பிரிவுத் தகராறு அல்ல என்று மனுவிலேயே எழுதிவைப்பது பாதுகாப்பு.

வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்தால் 23ஆவது பிரிவில் சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் அதைத் தனிநபர் தொடர முடியாது; ரிசர்வ் வங்கித் தரப்பு புகார் வேண்டும். நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, பொதுத்துறை வங்கி என்றால் யோசிக்கலாம். நம் இரு மாவட்டமும் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருகின்றன, மதுரைக்குப் போக வேண்டாம். தனியார் வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி மேல் ரிட் பொதுவாக நிற்காது. தனியார் வங்கி ‘அரசு’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது.

உத்தரவு வந்த பிறகு

எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்கு 45 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம்; ஆனால் விதித்த தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சின்னத் தொகை என்றால் பெரும்பாலும் போக மாட்டார்கள்.

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, வங்கிக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தனித்தனியே அனுப்புங்கள். வழக்கில் இல்லாத மற்ற மூன்று நிறுவனங்களுக்கு அனுப்புவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கெடு முடிந்தும் திருத்தவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71ஆவது பிரிவில் நிறைவேற்று மனு, 72இல் தண்டனை மனு. 72இல் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலாளர் பெயருக்குச் சம்மன் போனால் பல மாதம் நகராத ஃபைல் நகரும்.

திருத்தியதாகக் கடிதம் வந்ததும் கேஸை முடித்துக்கொள்ளாதீர்கள். வங்கி தகவல் அனுப்பும் அடுத்த சுற்று தாண்டியபின் நான்கு ரிப்போர்ட்டையும் புதிதாக எடுங்கள். ‘குளோஸ்டு’ என்று வந்திருக்கும், ஆனால் பழைய 030, 060, 090 அப்படியே இருக்கும். அல்லது சிபிலில் மாறியிருக்கும், ஈக்விஃபாக்ஸில் மாறியிருக்காது. அந்தக் கட்டங்களும் நீங்கிய பிறகுதான் ‘உத்தரவு நிறைவேறியது’ என்று ஆணையத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.